விரல் நிமிர்த்திய விசுவாசம்

1947-ஆம் ஆண்டு. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்துக்கு வேலூரிலிருந்து ஓர் இளம் அறுவை மருத்துவர் வந்திருந்தார். அவரை அழைத்து வந்தவர் ராபர்ட் காக்ரேன். தொழுநோய் மருத்துவத்தில் அன்றைக்கு உலகப் பெயர் பெற்றவர். தோலில் படரும் தேமலைப் பற்றியும் முடிச்சுகளைப் பற்றியும் காக்ரேன் விளக்கிக்கொண்டே நடக்க, இளையவரின் கண் வேறெங்கோ நின்றது. மரத்தடியிலும் திண்ணையிலும் உட்கார்ந்திருந்தவர்களின் கைகளையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையை நோக்கி மடங்கி, நிமிராமல் போன விரல்கள். சில கைகளில் விரல் இருந்த இடத்தில் மொட்டை மட்டும்தான்.

இவர்களுக்கெல்லாம் முடநீக்கியல் மருத்துவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார் அவர். அப்படி யாரும் இந்தப் பக்கம் வருவதே இல்லை என்பதுதான் கிடைத்த பதில்.

ஒரு நோயாளியின் முன் நின்று, தன் கையை அவர் கையில் கொடுத்து, முடிந்த மட்டும் அழுத்திப் பிடிக்கச் சொன்னார் மருத்துவர். செத்துப்போன கை, லேசாகத் தொடும் என்றுதான் நினைத்திருப்பார். அடுத்த கணம் வலி தாங்காமல் கத்தினார். நகம் தோலைக் கிழிக்கிற அளவுக்கு ஓர் இரும்புப் பிடி. பிடித்தவரோ, தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கத்தியவர் பால் பிராண்ட். அந்த வலியில் அவருக்கு ஒன்று பிடிபட்டது. இந்தக் கை சாகவில்லை. முன்கைத் தசைகளில் பாதி இன்னும் முழு பலத்தோடு இருக்கின்றன. அப்படியானால் இதைச் சரிசெய்ய முடியும்.

கிறிஸ்தவ ஊழியம் என்றதும் நம் மனதில் எழும் படம் ஒன்று உண்டு. வெள்ளை அங்கி, கனிந்த முகம், நீட்டிய கையில் ரொட்டி. அந்தப் படத்தில் பொய் இல்லை. ஆனால் பாதிதான் இருக்கிறது. வேலூரிலும் காட்பாடிக்கு அப்பால் கரிகிரியிலும் கடந்த நூற்றாண்டின் நடுவில் நடந்ததைப் பார்த்தால் மறு பாதி தெரியும். அங்கே இரக்கம் தொழில் கற்றுக்கொண்டது. கத்தி பிடித்தது, கணக்கு எழுதியது, செருப்புத் தைத்தது, பூனை வளர்த்தது. பூனைக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

கொல்லிமலையில் எரிந்த கூடை

பால் பிராண்ட் பிறந்தது கொல்லிமலையில், 1914-இல். அப்பா ஜெஸ்ஸி, அம்மா ஈவ்லின். இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த பாப்டிஸ்ட் மிஷனெரிகள். மலையில் மலேரியா விளையாடிய காலம் அது. ஜெஸ்ஸி வீடு கட்டுவார், பல் பிடுங்குவார், கட்டியைக் கீறிவிடுவார், பிரசங்கமும் செய்வார். ஆண்டுக்கணக்கில் உழைத்தும் அவர் பிரசங்கத்தைக் கேட்டு மதம் மாற யாரும் முன்வரவில்லை. பூசாரியின் எதிர்ப்பு அவ்வளவு வலுவாக இருந்தது.

முதல் உலகப் போரின் முடிவில் பரவிய விஷக் காய்ச்சல் மலைக்கும் ஏறியது. வீட்டில் ஒருவர் படுத்தால் மற்றவர்கள் ஓடிய நேரம். ஜெஸ்ஸியும் ஈவ்லினும் குடிசை குடிசையாகக் கஞ்சி கொண்டுபோய் ஊட்டினார்கள். எதிர்த்துக்கொண்டிருந்த பூசாரியும் காய்ச்சலில் விழுந்தார். அவர் குடிசைப் பக்கம் அவருடைய ஆட்களே போகவில்லை. சாகும் தறுவாயில் தன் கைக்குழந்தையை அவர் ஒப்படைத்தது அந்த வெள்ளைக்காரத் தம்பதியிடம்தான். மலையில் சபை என்று ஒன்று உருவானது அதற்குப் பிறகு.

ஆனால் இந்தக் குடும்பத்தைப் பற்றி எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொரு சம்பவம். பால் சிறுவனாக இருந்தபோது தொழுநோயாளிகள் மூன்று பேர் மலையேறி வந்தார்கள். ஜெஸ்ஸி கையுறை மாட்டிக்கொண்டு அவர்கள் கால்களைக் கழுவி, மருந்து போட்டு, கட்டுக் கட்டினார். ஈவ்லின் ஒரு கூடையில் உணவு வைத்துக் கொடுத்தார். கூடையையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அவர்கள் கூடையை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். குழந்தைகள் அந்தக் கூடையின் கிட்டே போகக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. பிறகு அது எரிக்கப்பட்டது. அவர்கள் உட்கார்ந்த இடத்தில் குழந்தைகள் சில நாள் விளையாடவும் கூடாது.

கால் கழுவியவர்களும் அவர்கள்தான், கூடையை எரித்தவர்களும் அவர்கள்தான். பக்தர்களின் வாழ்க்கை வரலாறு எழுதுபவர்கள் இப்படிப்பட்ட இடங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள். பால் பிராண்ட் தாண்டவில்லை. தன் நினைவுகளில் எழுதியே வைத்தார். அந்தப் பயம் அன்றைக்கு எல்லோருக்கும் இருந்தது. மருந்தே இல்லாத நோய் அது. இரக்கம் மட்டும் இருந்தால் கை எதுவரை நீளும், எந்த இடத்தில் நிற்கும் என்பதற்கு அந்தக் கூடையே சாட்சி. பயத்தை விரட்ட இரக்கம் போதவில்லை, அறிவும் வேண்டியிருந்தது.

ஒன்பது வயதில் படிப்புக்காக பால் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அப்பாவை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. 1929-இல் மலேரியா முற்றிய கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். மகன் டாக்டருக்குப் படிக்க மறுத்தார். புண்ணும் சீழும் பார்த்து வளர்ந்தவருக்கு அது குமட்டியது. தச்சு வேலையும் கொத்தனார் வேலையும் கற்றுக்கொள்ளப் போனார். மரத்தின் ரேகை பார்த்து இழைக்கவும், கல்லை அளந்து வைக்கவும் சில ஆண்டுகள் பழகினார். மருத்துவத்துக்குத் திரும்பியது பிறகுதான். லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்த நாள்களில் அறுவை சிகிச்சை பயின்றவர், காக்ரேன் அழைக்க, 1946-இல் வேலூர் வந்து சேர்ந்தார்.

மூன்று கதவு தட்டல்கள்

அவர் வந்து சேர்ந்த இடத்துக்கும் ஒரு பின்கதை உண்டு. தமிழ் வாசகர்கள் பலருக்குத் தெரிந்ததுதான், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், மிஷனெரி டாக்டர்களின் பரம்பரை. தாத்தா ஜான் ஸ்கடர் 1819-இல் யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறியவர். ஐடாவுக்கோ இந்தியாவே வேண்டாம், அமெரிக்கா போதும் என்ற எண்ணம். தாய்க்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்திருந்த ஓர் இரவில், ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னோர் உயர்சாதி இந்து. மூவர் மனைவியருக்கும் பிரசவச் சிக்கல். என் அப்பா டாக்டர், அவர் வருவார் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

ஐடா அமெரிக்கா போனார், டாக்டராகத் திரும்ப. 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு வேலையைத் தொடங்கினார். 1902-இல் 40 படுக்கை மருத்துவமனை. 1909-இல் செவிலியர் பயிற்சி. அதே காலத்தில் பெஜோ கார் ஒன்றில் குடியாத்தம் சாலையோரம் மரத்தடி மரத்தடியாக நிறுத்தி நடத்திய மருத்துவ முகாம்கள். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி.

அந்த இரவில் ஐடா அழுதிருக்கலாம், ஜெபித்திருக்கலாம், அதோடு நின்றிருக்கலாம். அவர் கேட்டுக்கொண்ட கேள்வி வேறு. ஊருக்கு ஒரு பெண் டாக்டர் இருந்தால் இந்த மூவரும் பிழைத்திருப்பார்களா? அப்படியானால் எத்தனை பெண் டாக்டர்கள் வேண்டும்? அவர்களை யார் உருவாக்குவது? இரக்கத்தை இப்படிக் கணக்குப் போட வைத்ததுதான் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, சி.எம்.சி. என்று இன்றைக்கு நாம் சொல்லும் அந்தப் பெரிய நிறுவனம்.

அந்த நிறுவனத்திலும்கூட, பிராண்ட் தொழுநோயாளிகளை அறுவை மேசைக்குக் கொண்டுவந்தபோது எளிதில் இடம் கிடைத்துவிடவில்லை. மற்ற நோயாளிகள் பயந்து ஓடிவிடுவார்கள் என்ற கவலை. இதைச் சொல்வது யாரையும் குறை கூற அல்ல. சிலுவை வைத்த கட்டடத்துக்குள்ளும் அந்தக் கூடை எரிந்துகொண்டுதான் இருந்தது என்பதற்காக.

பிச்சைக்கு உதவாத கை

தொழுநோய்க் கிருமி குளிர்ச்சியான இடம் தேடி உட்காரும். முழங்கை, மணிக்கட்டு போன்ற இடங்களில் தோலுக்கு அடியிலேயே ஓடும் நரம்புகளைத் தாக்கும். நரம்பு வீங்கி நசுங்கினால் அதற்குக் கீழே உள்ள சிறு தசைகள் செயலிழக்கும். விரலை நேராக வைத்துக்கொண்டு அடி மூட்டில் மட்டும் மடக்கும் வேலையைச் செய்பவை உள்ளங்கையின் சிறு தசைகள். அவை போனால் சோற்றைப் பிசையலாம், எடுத்து வாயில் வைக்க முடியாது. பொத்தான் போட முடியாது. நாணயத்தைக் கிள்ளி எடுக்க முடியாது. ஆனால் முன்கையில் இருக்கும் பெரிய தசைகள் பிழைத்திருக்கும். செங்கல்பட்டில் பிராண்டின் கையை நசுக்கியவை அவைதாம்.

பிராண்டின் யோசனை இது: உயிரோடு இருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து, கீற்றுக் கீற்றாகப் பிரித்து, உள்ளங்கைக்குள் சுரங்கம்போல வழி செய்து, ஒவ்வொரு விரலின் பக்கவாட்டிலும் கொண்டுபோய்த் தைத்துவிடுவது. பொம்மலாட்டத்தில் அறுந்த கயிற்றுக்குப் பதில் வேறொரு கயிற்றை முடிந்துவிடுவது மாதிரி. போலியோவுக்கும் போர்க் காயத்துக்கும் செய்துவந்த முறைதான். தொழுநோயாளிக்கு யாரும் முறையாகச் செய்து பார்த்ததில்லை. ஏனென்றால் அந்தச் சதை கெட்ட சதை, வெட்டினால் ஆறாது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தது.

ஆறியது. எல்லோருக்கும் ஆறுவது போலவே ஆறியது.

அறுவைக்குப் பிறகுதான் உண்மையான சிரமம். மாவுக்கட்டுப் பிரித்த பிறகு நோயாளி விரலை நீட்ட நினைத்தால் வேறு ஏதோ அசையும். மூளைக்கு இன்னும் பழைய இணைப்புதான் தெரியும். தினமும் பயிற்சியாளரோடு உட்கார்ந்து, மெழுகு உருண்டையைப் பிசைந்து, விரலைப் பார்த்துப் பார்த்து அசைக்கப் பழக வேண்டும். தொட்டால் தெரியாத விரல் என்பதால் கண்தான் வழிகாட்டி. இப்படி வாரக்கணக்கில். முதல் தடவை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியோடு நுனி சந்திக்கும்போது அந்த மனிதர் தன் கையால் ஒரு கவளம் சோறு எடுத்துச் சாப்பிடுவார். மருத்துவ சஞ்சிகையில் அது ஒரு வரி. அவருக்கு, பல ஆண்டுகளுக்குப் பிறகு, மனிதனாகச் சாப்பிட்ட முதல் சாப்பாடு.

ஆனால் கதை இங்கே இனிதே முடியவில்லை. கை சரியாகி ஊருக்குப் போனவர்கள் சிலர் திரும்பி வந்தார்கள். ஒருவர் குறை சொன்னார்: டாக்டர், நீங்கள் கொடுத்த கை பிச்சை எடுக்க உதவவில்லை. மடங்கிய விரலைப் பார்த்தால் காசு விழும். நிமிர்ந்த விரலுக்கு யார் போடுவார்கள்? வேலைக்குப் போனால், முகத்தில் வடு இருக்கிறது, போ என்கிறார்கள். குடியிருக்க வீடு கேட்டால் தருவதில்லை. பஸ்ஸில்கூட ஏற்றுவதில்லை.

என் பார்வையில் இந்தக் கதை முழுவதிலும் திருப்பம் இதுதான். உலகப் புகழ் தேடித் தரக்கூடிய ஓர் அறுவை சிகிச்சையைச் செய்து முடித்த மருத்துவருக்கு, நோயாளி மதிப்பெண் போடுகிறார்: தோல்வி. வேறொருவராக இருந்தால் நன்றி கெட்டவன் என்று சொல்லியிருப்பார். பிராண்ட், அவன் சொல்வது சரி என்று ஒப்புக்கொண்டார். கையைக் கொடுத்தால் போதாது, கைக்கு வேலை கொடுக்க வேண்டும்.

1950-களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்திலேயே நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு எழுந்தது. கிராமத்து வீடுகள் மாதிரி எளிய வீடுகள், ஒரு பட்டறை. டாக்டர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தச்சு சொல்லிக்கொடுத்தார். லண்டனில் வீணாகப் போனதாக அவரே நினைத்திருந்த தச்சு ஆண்டுகள் இங்கேதான் பயன்பட்டன. மரப் பொம்மைகள் செய்தார்கள், விற்றார்கள். உணர்ச்சியில்லாத கை உளியைப் பிடிக்கும்போது எங்கே வெட்டுப்படும், எந்தப் பிடி தடிமனாக இருந்தால் காயம் வராது என்றெல்லாம் அங்கேதான் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள்.

நல்ல சமாரியன் கதையை ஞாயிறு பள்ளியில் படிக்காத கிறிஸ்தவக் குழந்தை இல்லை. அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கினான் என்பதோடு பெரும்பாலான பிரசங்கங்கள் முடிந்துவிடும். லூக்கா எழுதியதில் அதற்கு மேலும் இருக்கிறது. காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான். தன் வாகனத்தில் ஏற்றினான். சத்திரத்தில் சேர்த்து ஓர் இரவு கூட இருந்தான். மறுநாள் சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று கணக்கும் வைத்தான். திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறான், கவனியுங்கள். நம் காலத்து உதவிகளில் காணாமல் போயிருப்பது இந்தத் திரும்பி வருதல்தான். அரிசி மூட்டையோடு படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் மறு வாரம் அந்தத் தெருவுக்கு வருவதில்லை.

பூனை மருத்துவம்

தொழுநோய் விரலைத் தின்கிறது என்பது நெடுங்கால நம்பிக்கை. டாக்டர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று திறக்காமல் பிராண்ட் திணறிக்கொண்டிருந்தார். நோயாளிச் சிறுவன் ஒருவன் வந்து, நான் திறக்கிறேன் என்று சாவியை ஒரே திருகாகத் திருகித் திறந்துவிட்டான். கீழே ரத்தம் சொட்டியது. அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடச் சொன்னார். சூடான டம்ளர், அடுப்பிலிருந்து வெறும் கையால் இறக்கிய பாத்திரம், செருப்புக்குள் கிடந்த ஆணி, அளவுக்கு மீறி இறுக்கிப் பிடித்த மண்வெட்டி என்று ஒவ்வொன்றாகக் கிடைத்தன. சில பேருக்கு மட்டும் இரவோடு இரவாக விரலில் சதை காணாமல் போனது, காரணம் பிடிபடவில்லை. ராத்திரி கண் விழித்துப் பார்த்தபோது தெரிந்தது, எலி. தூங்குகிறவரின் விரலை எலி கடிக்கும். வலி இல்லாததால் அவர் கையை இழுத்துக்கொள்வதில்லை. அதன் பிறகு நவஜீவ நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு பூனையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மருந்துச் சீட்டில் பூனை எழுதிக்கொடுத்த மருத்துவமனை வேறெங்காவது இருந்ததா தெரியவில்லை.

விரல் போவதற்குக் காரணம் கிருமி அல்ல, வலி இல்லாமை. இது நிலைநாட்டப்பட்டதும் தொழுநோய் மருத்துவமே திசை மாறியது. நோயாளியின் ஊனம் விதி அல்ல, தடுக்கக்கூடியது என்றாகிவிட்டது. சர்க்கரை நோயால் கால் உணர்ச்சி இழந்தவர்களுக்கு இன்றைக்கு டாக்டர்கள் சொல்லும் பாதப் பராமரிப்பில் பெரும்பகுதி இந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான். கால் புண்ணோடு நம் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களும் வேலூரின் தொழுநோயாளிகளுக்குக் கடன்பட்டவர்கள்.

அமெரிக்கப் பயணம் முடித்து லண்டன் வந்து சேர்ந்த ஓர் இரவு, காலுறையைக் கழற்றும்போது பிராண்டுக்குத் தன் குதிகாலில் உணர்ச்சி இல்லை என்று தோன்றியது. ஊசி எடுத்துக் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தனக்கும் வந்துவிட்டது என்று முடிவு செய்து, குடும்பத்தை விட்டு விலகி வாழ வேண்டியதைப் பற்றியெல்லாம் யோசித்தபடி இரவு முழுக்கத் தூங்காமல் கிடந்தார். காலையில் மறுபடி ஊசி ஏற்றினார். சுரீரென்று வலித்தது. ரயிலில் நெடுநேரம் உட்கார்ந்ததில் மரத்துப்போன கால், அவ்வளவுதான். வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னாராம். திருச்சபை என்பது ஒரு சரீரம் என்று பவுல் சொன்னதைப் பிற்காலத்தில் அவர் இந்த அனுபவத்தை வைத்துத்தான் விளக்கிவந்தார். எந்த உறுப்பின் வலி தலைக்கு எட்டவில்லையோ அந்த உறுப்பைச் சரீரம் இழந்துவிடும்.

சக்கர நாற்காலியிலிருந்து

கேரளத்தின் செறாயியில் பிறந்த மேரி வர்கீஸ் வேலூரில் படித்த இளம் டாக்டர். 1954 ஜனவரியில் கார் விபத்து. முகத்தில் பலத்த காயம், முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. எழுந்து நிற்க முடியாதவர் எப்படி அறுவை செய்வது? கை அறுவைக்கு உட்கார்ந்தே வேலை செய்யலாமே என்றார் பிராண்ட். மேரி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தொழுநோயாளிகளின் விரல்களுக்கு நாண் மாற்றினார். மேசைக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவர் நிமிர்ந்து பார்த்தால், தன்னைவிடக் குறைவாக நடக்கக்கூடிய டாக்டர். ஆறுதல் வார்த்தை எதுவும் தேவைப்பட்டிருக்காது.

பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1963-இல் வேலூரில் அந்தத் துறையின் தலைவர்; இந்தியாவின் முன்னோடித் துறைகளில் ஒன்று அது. 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ. தண்டுவடம் முறிந்து வருகிற பனையேறிக்கும் கட்டடத் தொழிலாளிக்கும், உட்கார்ந்தபடியே எப்படி வாழ்க்கையை நடத்துவது என்று அங்கே கற்றுக்கொடுக்கிறார்கள். சேவை செய்பவர் மேலே, பெறுபவர் கீழே என்ற ஏணியை மேரி வர்கீஸ் எந்த உபதேசமும் செய்யாமல் கழற்றிப் போட்டுவிட்டார்.

தினமும் பெரிய வியாழன்

1955-இல் கரிகிரியில் ஷிஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. வெயில் காய்ந்த பொட்டல். பின்னாளில் நிலையத்தை வழிநடத்திய எர்னஸ்ட் ஃப்ரிட்சி என்ற அறுவை மருத்துவர் கைகளைச் சரிசெய்த நேரம் போக மரம் நட்டு அதைச் சோலையாக்கினார். கரிகிரியில் பயின்றவர்கள் உலகின் பல நாடுகளில் தொழுநோய்ப் பணிக்குப் போனார்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகள், விருதுகள் எல்லாம் உண்டு. எனக்கு அங்கே பெரிதாகத் தெரிவது பாதம் பார்க்கும் வேலை.

உணர்ச்சியில்லாத பாதத்தில் வியர்வை வராது. தோல் காய்ந்து வெடிக்கும், காய்ப்பு ஏறும். காய்ப்புக்கு அடியில் அழுத்தம் சேர்ந்து புண்ணாகும். அதற்கு வைத்தியம் எளிது. தண்ணீரில் இருபது நிமிடம் காலை ஊறவைக்க வேண்டும். கரடுமுரடான கல்லால் காய்ப்பைத் தேய்க்க வேண்டும். ஈரம் காயும் முன் எண்ணெய் தடவ வேண்டும். பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து சிவப்பு இருக்கிறதா, சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். நாளைக்கும் இதையே செய்ய வேண்டும், சாகும் வரை செய்ய வேண்டும். கண்ணும் கெட்டு விரலும் இல்லாதவருக்கு இதை வேறொருவர்தான் செய்ய வேண்டும்.

பெரிய வியாழனன்று ஆலயங்களில் கால் கழுவும் சடங்கு நடக்கும். பன்னிரண்டு பேர், வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்த கால்களோடு வரிசையாக உட்காருவார்கள். குருவானவர் வெள்ளித் தட்டில் தண்ணீர் வார்ப்பார். அழகான சடங்குதான், குறை சொல்லவில்லை. ஆனால் எருசலேமின் புழுதி அப்பிய கால்களுக்கு நிகரான கால்கள் இன்றைக்கு எங்கே இருக்கின்றன என்று கேட்டால், ஒரு பிளாஸ்டிக் பேசினில் ஊறிக்கொண்டிருக்கும் அந்தக் கால்களைத்தான் காட்ட வேண்டும்.

செருப்பிலும் ஒரு கதை. நுண்துளை ரப்பரால் மெத்தென்று செய்த எம்.சி.ஆர். செருப்பு ஆயிரக்கணக்கான கால்களைக் காப்பாற்றியது. ஆனால் எல்லாம் ஒரே அச்சில் வந்ததால், செருப்பைப் பார்த்ததுமே இவருக்கு அந்த நோய் என்று ஊர் கண்டுபிடித்துவிட்டது. போட்டுக்கொள்ள வெட்கப்பட்டுத் திண்ணைக்கு அடியில் ஒளித்துவைத்தார்கள். ஆகவே கடைச் செருப்பு மாதிரியே வண்ணமும் வாரும் வைத்துச் செய்ய வேண்டியிருந்தது. உதவி பெறுகிறவரின் மானத்தையும் சேர்த்து அளவெடுத்தால்தான் செருப்பு பொருந்தும் என்பதை ஊழியக்காரர்கள் மெல்ல மெல்லத்தான் கற்றார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி

இவ்வளவும் மதம் மாற்றத்தானே என்று ஒரு சாரார் கேட்பார்கள். மறைக்க ஒன்றுமில்லை; இந்த மிஷனெரிகள் தங்கள் விசுவாசத்தை ஒளித்துவைக்கவில்லை, மற்றவர்களும் அதை ஏற்க வேண்டும் என்றே விரும்பினார்கள். ஆனால் பிச்சைக்கு உதவாத கை என்று புகார் சொன்னவருக்குத் தச்சுப் பட்டறை கிடைத்தது. எந்தச் சபையில் சேர்ந்தாய் என்ற கேள்வி சிகிச்சைக்கு நிபந்தனையாக இருக்கவில்லை. இன்றும் வேலூர் மருத்துவமனை வரிசையில் நிற்கும் வங்காளத்து முஸ்லிமுக்கும் ஆந்திரத்து இந்துவுக்கும் அது தெரியும்.

நான் கேட்க விரும்பும் கேள்வி திருச்சபையின் பக்கத்தை நோக்கி. தமிழகத்தில் கோடிக்கணக்கில் செலவழித்து எழும்பும் ஆலயங்களையும், ஒலிபெருக்கி அதிரும் சுகமளிக்கும் கூட்டங்களையும் பார்க்கிறோம். மேடையில் அற்புதம் நடக்கிறது என்கிறார்கள். அற்புதம் முடிந்த மறுநாள் அந்த நோயாளியின் பாதத்தைப் பார்க்க யாராவது போகிறார்களா? கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிக்கு ஒரு சுவர் எழுப்பிவைத்திருக்கும் ஊர்களும் நம்மிடம் உண்டு. தீண்டாமையின் உச்சமான நோயைத் தொட்டு நிமிர்த்திய ஒரு மரபுக்கு வாரிசு என்று சொல்லிக்கொள்ள அந்தச் சபைகளுக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஈவ்லின் பிராண்ட் அதற்கு ஒரு பதில்போல வாழ்ந்தவர். கணவர் இறந்த பிறகும் மலைக்குத் திரும்பினார். வயதாகிவிட்டது, ஓய்வு பெறுங்கள் என்று மிஷன் சொன்னபோது, சரி என்று ஓய்வை வாங்கிக்கொண்டு, சொந்தப் பொறுப்பில் மறுபடி மலையேறினார். மட்டக் குதிரையில் ஊர் ஊராகப் போனார். விழுந்து எலும்பு முறிந்தது, மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு நடந்தார். வீட்டில் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லையாம். 1974-இல், 95 வயதில் இறக்கும்வரை அவர் தன் வேலையை முடித்துவிட்டதாக நினைக்கவில்லை. கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

பால் பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார், 2003-இல் காலமானார். 1980-களில் கூட்டு மருந்து சிகிச்சை வந்தது. நம் நாட்டில் தொழுநோய் பத்தாயிரத்துக்கு ஒருவருக்கும் கீழே குறைந்துவிட்டதாக 2005-இன் இறுதியில் அரசு அறிவித்தது. நோயாளிகளைப் பிடித்து அடைக்க வழி செய்த 1898-ஆம் ஆண்டுத் தொழுநோயாளிகள் சட்டம் 2016-இல்தான் ஒழிந்தது. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்பதைச் சொல்லி மணமுறிவு கேட்கலாம் என்ற பிரிவு 2019 வரை நம் சட்டப் புத்தகங்களில் இருந்தது.

ஒழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். உலகில் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர் அளவில். வெளிறிய அல்லது சிவந்த தேமல், அதில் தொட்டால் உணர்ச்சி குறைவு என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மருந்து முற்றிலும் இலவசம். நோயின் அளவைப் பொறுத்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ சாப்பிட்டால் முழுதாகக் குணமாகும். மருந்து தொடங்கிய சில நாள்களிலேயே மற்றவர்களுக்குப் பரவுவது நின்றுவிடும். சீக்கிரம் பார்த்தால் ஒரு விரலும் மடங்காது. குணமான ஒருவர் உங்களிடம் வேலை கேட்டு வந்தால், வீடு கேட்டு வந்தால், தயவுசெய்து கொடுங்கள்.